வழிமொழியார்

அந்தத் தெருவின் இடது பக்கம் ஒன்பதாவது வார்டு, வலது பக்கம் பத்தாவது வார்டு. வார்டுகளைப் பிரித்த புண்ணியவான் வரைபடத்தில் பென்சிலை வைத்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார் போலிருக்கிறது. கோடு தெருவின் நட்டநடுவில் விழுந்தது. சாக்கடையும் நட்டநடுவில்தான் ஓடியது. அது அடைத்துக்கொண்டால் ஒன்பதாவது வார்டு உறுப்பினர் "அது பத்து" என்பார். பத்தாவது வார்டு உறுப்பினர் "அது ஒன்பது" என்பார். மழைத்தண்ணீர் மட்டும் பாரபட்சம் பார்க்காமல் இரண்டு பக்கத்து வீடுகளுக்குள்ளும் நுழைந்தது.

போன மழையில் ஒரு பள்ளிக்கூட வேன் அங்கே மாட்டிக்கொண்டது. வேன்காரி இறங்கி, முழங்கால் வரை சாக்கடைத் தண்ணீரில் நின்றுகொண்டு, பிள்ளைகளை ஒவ்வொன்றாக இடுப்பில் தூக்கிக் கரை சேர்த்தாள். கடைசியாகத் தூக்கிய வாண்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஆன்ட்டி, நாளைக்கும் இப்படியே தூக்கிட்டுப் போவீங்களா?" என்று ஆசையாகக் கேட்டது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. அந்த அழுகை ஆத்திரமாகி, ஆத்திரம் வேட்புமனுவாகி, நகராட்சித் தேர்தலில் ஒன்பதாவது வார்டில் சுயேச்சையாக நின்றுவிட்டாள்.

சின்னமாகச் சீப்பு கிடைத்தது. போயும் போயும் சீப்பா என்று அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பெயர்ப்பலகை எழுதும் அவள் கணவனுக்கோ கொண்டாட்டம். "தலைவிரி கோலமாய்க் கிடக்கும் தெருவைச் சீவி முடிக்க, சீப்புக்கே உங்கள் ஓட்டு" என்று சுவர் சுவராக எழுதித் தள்ளினான். ஜனங்கள் சிரித்தார்கள், சிரித்தவர்கள் ஓட்டும் போட்டார்கள். வேனுக்காகக் காத்து நிற்கும் தாய்மார்களிடம் அவள் சொன்ன வாக்கு ஒன்றுதான்.

"அடுத்த மழைக்குள்ள சாக்கடையைச் சரி பண்ணலேன்னா, பதவியைத் தூக்கிப் போட்டுட்டு வந்துடுவேன். அப்புறம் என் மூஞ்சியிலேயே முழிக்காதீங்க."

ஜெயித்தால் போதும் என்று நினைத்திருந்தாள், பாவம். ஜெயிப்பது வாசற்படி மட்டும் என்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. வார்டுக்கு ஒருவராக ஜனங்கள் அனுப்பிய உறுப்பினர்கள், தங்களுக்குள் ஒருவரை முன்மொழிந்து, வழிமொழிந்து, ஓட்டுப் போட்டுத் தலைவராக உட்கார வைத்தார்கள். தலைவரின் ஆட்கள் ஆளுந்தரப்பு, தோற்றவர்கள் எதிர்த்தரப்பு. இரண்டிலும் சேராத சீப்புக்குக் கதவோரத்தில் ஒரு நாற்காலி. பிறகு எல்லாரையும் நிதிக்கு, சுகாதாரத்துக்கு, சாலை சாக்கடைப் பணிகளுக்கு என்று குழுக்களாகப் பிரித்தார்கள். அவள் நேராகப் பணிக்குழுவிடம் போய் நின்றாள்.

"உங்க வார்டுல இருக்கறது பாதிச் சாக்கடைம்மா," என்றார் குழுவின் தலைவர். "பாதிச் சாக்கடைக்கு எப்படி வேலை கொடுக்கறது? ரெண்டு வார்டுக்கும் பொதுன்னு மன்றத்துல ஒரு தீர்மானம் கொண்டு வாங்க. கொண்டு வந்தா நாங்க என்ன, செய்ய மாட்டோம்னா சொல்லப் போறோம்?"

தீர்மானம் என்றால் ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். வழிமொழிய ஆளில்லாவிட்டால் அது அப்படியே விழுந்துவிடும். விழுந்ததை ஆறு மாதத்துக்குத் திரும்ப எடுக்கக் கூடாது. அதற்குள் மழை வந்து, வீடுகளுக்குள் புகுந்து, வடிந்தும் போயிருக்கும்.

அவள் ஒவ்வொருவரிடமாகக் கேட்டுப் பார்த்தாள். "எங்க ஆளைத் தோக்கடிச்சுட்டு எங்ககிட்டயே வர்றியேம்மா," என்றது எதிர்த்தரப்பு. "தலைவரைக் கேட்டுச் சொல்றோம்," என்றது ஆளுந்தரப்பு. கேட்டதாகவும் தெரியவில்லை, சொன்னதாகவும் தெரியவில்லை.

ஆளுந்தரப்பிலேயே அவள் இன்னும் கேட்காமல் மிச்சம் இருந்தவர் பத்தாவது வார்டு உறுப்பினர். ஊரில் பெரிய மெத்தைக் கடை அவருடையது. நாலு முறை ஜெயித்தவர். இந்த நாலு முறையிலும் மன்றத்தில் அவர் பேசியது ஒரே சொல். ஆளுந்தரப்பு எதை முன்மொழிந்தாலும், கண்ணைத் திறக்காமலே "வழிமொழிகிறேன்" என்பார். மறுபடி குறட்டை. கடைச் சரக்கை மன்றத்தில் வந்து சோதித்துப் பார்க்கிறார் என்று கேலி செய்வார்கள். அவர் பெயரே வழிமொழியார் என்று ஆகிவிட்டது. வேன்காரி கடைக்குப் போய்க் கேட்டபோது, முழுவதையும் கேட்டுவிட்டு, விட்டத்தைப் பார்த்து, "பார்க்கலாம்மா. தலையணை ஏதாவது வேணுமா?" என்றார். அவள் விடுவிடென்று வந்துவிட்டாள்.

மழைக்கு முந்தைய கடைசிக் கூட்டம் அது, பத்திரிகைக்காரர்களும் வந்திருந்தார்கள். தலைவர் ஒரு பல் டாக்டரம்மா. எதைப் பிடுங்கினாலும் வலிக்காமல் பிடுங்குவார். வேன்காரி எழுந்து தீர்மானத்தைப் படித்தாள்.

"வழிமொழிபவர் யாராவது உண்டா?" என்றார் தலைவர், புன்னகையோடு.

ஒருவர் நகத்தை ஆராய்ந்தார். ஒருவர் செல்போனை நோண்டினார். இன்னொருவருக்கு அப்போது பார்த்து மூக்குக் கண்ணாடியில் அழுக்கு தெரிந்தது.

"யாராவது?"

மின்விசிறிதான் கடகடத்தது. தாய்மார்களின் முகத்தில் எப்படி முழிப்பது என்று நினைத்தபோது வேன்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. பத்திரிகைக்காரர்கள் பார்க்கிறார்களே என்று வேறு வெட்கம்.

"வழிமொழிய யாரும் இல்லாததால் இந்தத் தீர்மானம்..."

"வழிமொழிகிறேன்."

மூலையிலிருந்து வந்தது குரல். வழிமொழியாரின் கண்கள் மூடித்தான் இருந்தன. மன்றம் கொல்லென்று சிரித்தது. பக்கத்து நாற்காலிக்காரர் பதறிப்போய் அவரை உலுக்கினார்.

"அண்ணே! அண்ணே! இது நம்மளுது இல்லண்ணே, சீப்போடது!"

வழிமொழியார் நிதானமாகக் கண்ணைத் திறந்தார், கொட்டாவி விட்டார். தலைவர் இன்னும் புன்னகைத்துக்கொண்டுதான் இருந்தார்.

"தூக்கக் கலக்கத்துல சொல்லிட்டீங்க போலிருக்கு. பரவாயில்ல. திரும்பப் பெறுகிறேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, குறிப்புலேர்ந்து எடுத்துடலாம்."

வேன்காரி தலைவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கிடைத்த ஒரே சொல்லும் கைநழுவப் போகிறது. வழிமொழியார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். அவர் நின்று அந்த மன்றம் பார்த்ததே இல்லை.

"தூக்கத்துல சொன்னது செல்லாதுன்னா எனக்கு ஆட்சேபணை இல்லீங்க தலைவரே. ஆனா அப்படிப் பார்த்தா, நான் வந்த நாள்லேர்ந்து வழிமொழிஞ்ச எல்லாத்தையும் ரத்து பண்ணணும். புது பஸ் ஸ்டாண்டு போயிடும். தண்ணித் தொட்டி போயிடும்." தொண்டையைச் செருமினார். "உங்களைத் தலைவரா முன்மொழிஞ்சப்போ வழிமொழிஞ்சதும் நான்தானுங்களே. அன்னிக்கும் கண்ணு சொக்கிட்டுதான் இருந்துச்சு."

இந்தமுறை எதிர்த்தரப்பு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தது. ஆளுந்தரப்பில் சிரிக்காதவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். தலைவர் தன் நாற்காலியின் கைப்பிடியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவர் கெட்டிக்காரி. மழை வாசலில் நிற்கும்போது சாக்கடைக்கு எதிராக, அதுவும் பத்திரிகைக்காரர்கள் எதிரில், எவன் கையைத் தூக்குவான் என்று கணக்குப் போட நேரமாகவில்லை.

"தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருகிறது," என்றார். யாரும் எதிர்க்கவில்லை. "மழைக்கு முன்பே வேலையை முடிக்கும்படி என் சார்பில் உத்தரவிடுகிறேன்," என்று நல்ல பெயரையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளட்டும், நன்றாக எடுத்துக்கொள்ளட்டும் என்று வேன்காரி நினைத்தாள். சந்தோஷத்தில் அவளுக்கு உட்காரவே மறந்துவிட்டது.

கூட்டம் முடிந்ததும் படிக்கட்டில் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, தூக்கத்துல சொன்னீங்களோ என்னவோ, தெய்வம் மாதிரி வந்து சொன்னீங்க."

"தூக்கமா? யாரும்மா தூங்கினா?" என்றார் அவர். சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "முழிச்சுக்கிட்டு சொல்லியிருந்தா கட்சியில இன்னிக்கே என் சீட்டைக் கிழிச்சிருப்பாங்க. தூங்கறவனை யாரு கோவிச்சுக்க முடியும்?"

அவர் ஒரு படி இறங்கி நின்றார்.

"என் பொண்ணைக் கொடுத்திருக்கறது அந்தத் தெருவுலதான், என் வார்டுப் பக்கத்து வரிசை. போன மழையில கைக்குழந்தையோட கட்டில் மேல உக்காந்து ராத்திரி பூரா முழிச்சிருக்கா. ஊருக்கே மெத்தை விக்கறேன், என் பேத்திக்குக் காய்ஞ்ச படுக்கை இல்ல. 'கவுன்சிலர் பொண்ணுன்னு சொல்லிக்க வெக்கமா இருக்குப்பா, சீப்பு நம்ம வரிசையில நின்னிருந்தா அதுக்கே போட்டிருப்பேன்'னுட்டா. அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கம் ஏது?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எழுந்து நின்னு முன்மொழிய எனக்கு வராதும்மா. நல்லவேளை, நீ வந்தே."

இரண்டு பக்கத்து ஜனங்களும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சாக்கடை வேலையை மேற்பார்வை பார்த்தார்கள். வேலை செய்தவர்களுக்குத்தான் உபத்திரவம். மழை வந்தது, கொட்டித் தீர்த்தது, மளமளவென்று ஓடிப்போனது. வேன் நிற்காமல் தெருவைக் கடந்தபோது, பின் இருக்கையிலிருந்து அந்த வாண்டு, "இன்னிக்குத் தூக்க மாட்டீங்களா ஆன்ட்டி?" என்று அழாக்குறையாகக் கேட்டது. வேன்காரி பள்ளிக்கூட வாசலில் அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் இறக்கிவிட்டாள்.

அடுத்த கூட்டத்தில் தலைவர், "வேறு ஏதேனும்?" என்று வழக்கம்போலக் கேட்டார். மூலையில் நாற்காலி கிறீச்சிட்டது. வழிமொழியார் எழுந்து நின்றார், கையில் ஒரு துண்டுக் காகிதம். அந்தத் தெருவுக்கு இரண்டு வார்டுக்கும் பொதுவாக விளக்குக் கம்பங்கள் வேண்டும் என்று திக்கித் திணறிப் படித்து, "என்று வழிமொழிகிறேன்," என்று முடித்தார்.

மன்றம் சிரித்தது. "யாரை வழிமொழியறீங்க?" என்றார் தலைவர்.

அவர் காது சிவந்தது. காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"மன்னிக்கணும், பழக்க தோஷம்," என்றார். "முன்மொழிகிறேன்."

அந்தச் சொல் முடிவதற்குள் கதவோரத்து நாற்காலி காலியாகியிருந்தது. வேன்காரி எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"வழிமொழிகிறேன்!"