இரும்புச் சட்டியில் டீ

என் கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்று ஜிஸ்மி டாக்டர் சொன்னார். எடுப்பதற்கு முன் ரத்த அளவு பத்துக்கு வர வேண்டும். எனக்கு எட்டு. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எட்டு. இன்னொரு மாதம் போய்ப் பார்த்தால் எட்டேகால்.

"மாரீஸ்வரி, குளிக தினமும் கழிக்குன்னுண்டோ?" என்றார் டாக்டர். மாத்திரையைத் தினமும் விழுங்குகிறேனா என்று கேட்கிறார்.

"நான் பக்கத்துல நின்னு முழுங்க வைக்கேன் டாக்டர்" என்றார் என் வீட்டுக்காரர் சுடலைமணி. அது உண்மைதான்.

"அடுத்த மாசமும் ஏறலைன்னா இங்க செய்ய முடியாது. கோட்டயம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவேன்" என்றார் டாக்டர்.

கோட்டயத்தில் எங்களுக்கு யாரும் இல்லை. இங்கேயோ, கொழுந்துக் கூடையோடு சரிவில் ஏறினால் எனக்குக் கண் இருட்டுகிறது. ஒரு தடவை தேயிலைச் செடிமேலேயே சாய்ந்துவிட்டேன். செடிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சூப்பர்வைசர் பார்த்துச் சொன்னார்.

என் வீட்டுக்காரருக்கு எஸ்டேட் டீ பேக்டரியில் வேலை. கொழுந்தைக் காயவைக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்கிறார். டீயைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது அவருடைய கருத்து. கல்யாணமான புதிதில் நான் இரும்புச் சட்டியில் டீ போட்டுவிட்டேன். கறுத்துப் போயிருந்ததை ஒரு பார்வை பார்த்தார். "இரும்பு பட்டா டீ செத்துரும் புள்ள" என்று சாக்கடையில் ஊற்றினார். அன்றிலிருந்து டீக்கென்று தனிப் பாத்திரம். அதில் வெந்நீர்கூட வைக்க விடமாட்டார்.

டாக்டர் சொன்னதெல்லாம் சாப்பிட்டேன். முருங்கைக்கீரை, கேப்பைக் களி, நிலக்கடலை. பூப்பாறைக்குப் போய் ஆட்டு மண்ணீரல், அதான் சுவரொட்டி, வாங்கி வந்து அவரே வறுத்தும் கொடுத்தார். சாப்பிட்டு முடித்ததும் கையில் மாத்திரை. மாத்திரைக்குக் கட்டன், பால் சேர்க்காத டீ. கிளாசின் அடி தெரியாத அளவுக்குத் திக்காக இருக்கும்.

"ரத்தக் கலர்ல இருக்குல்ல? இது ஒண்ணே போதும். மாத்திரை சும்மா தொணைக்கு" என்பார்.

கோட்டயம் என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரியில் அவர் மருந்துக்கு வரிசையில் நிற்கும்போது நர்ஸ் கத்தரீனாள் என்னிடம் கேட்டாள். "அக்கா, மாத்திரைய எதுல முழுங்குறீங்க?"

"கட்டன்லதான்."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். "வெளங்கிரும். டீயில ஒரு துவர்ப்பு இருக்குல்ல? அது இரும்பப் புடிச்சு வச்சுக்கும், ஒடம்புல சேர விடாது. கீரையில இருக்கிறதுக்கும் அதே கதிதான். எலுமிச்சந்தண்ணியில முழுங்குங்க. புளிப்பு இருந்தா நல்லாச் சேரும். டீ வேணும்னா ரெண்டு மணி நேரம் தள்ளிக் குடிங்க."

இதை அவரிடம் சொல்வதற்குப் பதில் கட்டியை நானே எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஆனாலும் அன்று சோறு தின்றதும், அவர் கட்டனோடு வந்து நின்றபோது, சொல்லிவிட்டேன்.

"எவ சொன்னா?"

"நர்ஸ் கத்தரீனாள்."

"அவ அப்பன் சாந்தன்பாறை ஏலக்காய்த் தோட்டத்துக்காரன். அவளுக்கு டீயப் பத்தி என்ன தெரியும்? இரு, இப்பவே காட்டுறேன்."

ஒரு மாத்திரையை எடுத்துக் கரண்டியால் நசுக்கினார். கட்டனில் போட்டுக் கலக்கினார். சிவப்பு போய்விட்டது. கிளாஸ் முழுக்க நீலம் கலந்த கறுப்பு. பேனாவுக்கு ஊற்றி எழுதலாம்.

பல்புக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

"இரும்புச் சட்டியில போட்ட மாதிரியே இருக்கு" என்றார்.

"மாத்திரையே இரும்புதாங்க."

"அது எனக்குத் தெரியாதா?" கிளாசைச் சாக்கடையில் கவிழ்த்தார். "அப்ப ரெண்டு மாசமா ஒன் வயித்துக்குள்ள இதுதான் நடந்துச்சா?"

"அப்படித்தான் இருக்கும்."

"அடிப்பாவி. பூராவும் நல்ல தூளாச்சே."

பிறகு எனக்காகவும் வருத்தப்பட்டார். கதவைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்து வைத்தார்.

மறுநாள் எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார். பிழிந்து, டீ ருசி பார்ப்பவர்கள் மாதிரி ஒரு வாய் சர்ரென்று உறிஞ்சித் துப்பினார். "கலரும் இல்ல, கடுப்பும் இல்ல. என்னத்தச் சொல்ல, குடி" என்று நீட்டினார். அன்றிலிருந்து நான் மாத்திரை விழுங்கினால், என் டீ கிளாஸ் பரண்மேல் ஏறிவிடும். இரண்டு மணி நேரம் ஆன பிறகுதான் இறக்குவார்.

அடுத்த மாதம் பார்த்தபோது பத்து. ஜிஸ்மி டாக்டர் சீட்டை இரண்டு தடவை பார்த்துவிட்டு ஆபரேஷனுக்குத் தேதி எழுதினார். "நல்லா ஏறியிருக்கே! என்ன செஞ்சீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முன்னால் வந்தார். "எலுமிச்சந்தண்ணி டாக்டர். தினமும் நான்தான் போட்டுக் குடுத்தேன்."

கத்தரீனாள் பக்கத்து மேஜையிலிருந்து நிமிர்ந்தாள். "அதுக்கு முன்னாடி கட்டன் போட்டுக் குடுத்தது யாருண்ணே?"

அவர் தேதிச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அது வேற ஆளு" என்றார்.