குற்றாலத்தில் குதிரைகள்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. என் கதைகளை யாரும் ஒரு வரி விடாமல் வாசித்ததில்லை. ஒருத்தியின் ஆய்வேட்டை இன்னொருத்தி அப்படி வாசித்தாள் என்று கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: 'சாரல் விழுந்துகொண்டிருந்த மாலையில் சஃப்ரின்…' (வேண்டாம். தென்காசிக் கதை என்றால் உடனே சாரலா?)

இரண்டாவது: குத்துக்கல்வலசையில் என் அடுத்த வீட்டுக்காரி சஃப்ரின், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, தோழி ஜெயபிரியாவின் பெயரை ஷோத்கங்காவில் தேடினாள். இது இருக்கட்டும்.

(ஷோத்கங்கா: நாட்டின் பல்கலைக்கழகங்களுடைய முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் இணையக் காப்பகம். யார் வேண்டுமானாலும் இலவசமாக வாசிக்கலாம். அதனால் யாரோ வாசிக்கிறார்கள் என்று பொருளில்லை.)

2

இருவரும் ஒரே நெறியாளரிடம் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். மாமியார் பக்கவாதத்தில் விழுந்தபோது சஃப்ரின் பாதியில் நின்றாள். கணவன் நாசர் அப்போது சவூதியில், தம்மாமில். ஜெயபிரியா முடித்தாள். மதுரையில் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியரும் ஆனாள். ஆய்வுத் தலைப்பு, 'குற்றாலப் பருவகால வணிகத்தில் பெண்கள்'.

சஃப்ரின் முதலில் திறந்தது நன்றியுரையை. அவள் பெயர் இருந்தது, 'சப்ரினா' என்று. அதன்பின் ஒவ்வொரு இயலாக இறக்கி வாசித்தாள். தப்புக் கண்டுபிடிக்கத்தான்.

[இங்கே அவளைக் கொஞ்சம் நல்லவளாக்கப் பார்த்தேன். வாசித்துக் காட்டியபோது, "பொய் எழுதாதீங்கக்கா. எனக்கு வயிறு எரிஞ்சுது. அதை எழுதுங்க" என்றாள்.]

முதல் மூன்று இயல்களும் நன்றாக இருந்தன. ரம்புட்டான் விற்கிற பெண்களின் குரல் காதில் கேட்டது. அது இன்னும் எரிந்தது. நான்காம் இயலில் ஒரு வரி: 'குற்றாலத்தில் குதிரைச் சவாரித் தொழில் செய்வோரின் மனைவியர்…'

குற்றாலத்தில் ஏது குதிரை?

அதே காப்பகத்தில் தேடினாள். கொடைக்கானலைப் பற்றிய பழைய ஆய்வேடு ஒன்று அகப்பட்டது. பக்கம் பக்கமாக அதே வரிகள். ஊர்ப்பெயர் மட்டும் மாறியிருந்தது. அன்று சஃப்ரின் வீட்டில் பிரியாணி. (எனக்கும் ஒரு டப்பா வந்தது.)

பல்கலைக்கழகத்துக்குப் புகார் மின்னஞ்சல் எழுதி முடித்தாள். அனுப்பவில்லை. ஜெயபிரியா சீசனுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். முகத்தைப் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும்.

3

சொன்னபடியே ஜெயபிரியா வந்தாள். இருவரும் ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத்தோடு பஜ்ஜிக் கடையில் நின்றார்கள்.

"ஏட்டி ஜெயா, குத்தாலத்துல குதிரை எங்கன ஓடுது?"

ஜெயபிரியா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள்.

"நாலாவது சாப்டரா?"

"ஆமா."

"அப்பாவுக்கு ஆபரேஷன். சப்மிட் பண்ணுத தேதி வேற முடியப்போவுது. ஊர்ப்பேரை மாத்துனேன். குதிரைய அவுத்துவிட மறந்துட்டேன்டி." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "நீ முழுசாவா வாசிச்ச?"

"ஒரு வரி விடல."

"கைடு வாசிக்கல. வைவாவுக்கு வந்தவரு முன்னுரையத் தாண்டல. எங்க வீட்டுக்காரருக்குத் தலைப்பே தெரியாது. நீ ஒருத்திதான்…" கூந்தலை ஒதுக்கிக்கொண்டாள். "மூணாவது சாப்டர் எப்படிட்டி இருந்துச்சு?"

'சுமார்தான்' என்று சொல்லத்தான் சஃப்ரின் வாயைத் திறந்தாள்.

"நல்லாருந்துச்சு. அதான் தாங்க முடியல."

ஜெயபிரியா அழுதாள். பஜ்ஜிக் கடைக்காரர் மிளகாய்க் காரமென்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

4

முடிவு ஒன்று: புகார் போகிறது, பட்டம் பறிபோகிறது. (எழுதிப் பார்த்தேன். சஃப்ரினுக்கே பிடிக்கவில்லை.)

முடிவு இரண்டு: இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு, பழைய நாட்களைப்…

நடந்தது இது. வீட்டுக்கு வந்த சஃப்ரின், அந்தப் புகார் மின்னஞ்சலில் பெறுநர் முகவரியை அழித்துவிட்டு ஜெயபிரியாவின் முகவரியைப் போட்டாள். கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'நீயே சொல்லிரு.' அனுப்பிவிட்டாள்.

"மன்னிச்சிட்டியா?" என்று கேட்டேன்.

"மன்னிக்க நான் யாரு? அவ பேருக்கு முன்னால முனைவர்னு பாத்தா இப்பவும் எரியத்தான் செய்யுது."

பதில் இன்னும் வரவில்லை. நேற்று சுவருக்கு அந்தப் பக்கம் நின்றபடி சஃப்ரின் என்னிடம் கேட்டாள்: "நீங்க அவ இடத்துல இருந்தா என்னக்கா செய்வீங்க?"

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. ஜெயபிரியாவின் பதிலாக நான் எழுதிய ஒவ்வொரு வரியும் பொய்யாகவே வருகிறது. ஆகவே இங்கே நான் எழுந்துகொள்கிறேன். ஜெயபிரியாவின் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். மின்னஞ்சல் திறந்திருக்கிறது.