முழு அட்டை

...இன்னும் சத்தம் வரவில்லை, அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் கீச்சிட்டால்தான் என் வீட்டுக்காரர் கையை எடுக்கலாம், நேற்றும் காய்ச்சல் இல்லை, இன்றும் இருக்கக் கூடாது, இருந்துவிட்டால்?... சே, கெட்டதை எதற்கு நினைப்பது. நாக்கை நீட்டச் சொன்னேன், மறுபேச்சில்லாமல் நீட்டினார். ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று அதில் வெள்ளையாய் மாவு அப்பிய மாதிரி இருந்தது, ஓரம் மட்டும் சிவப்பு, வயிறு உப்பிக் கிடந்தது, காய்ச்சலோ சாயங்காலமானால் படியேறும், ஒவ்வொரு நாளும் ஒரு படி கூடுதலாய். "உடம்பு இந்தக் கொதி கொதிக்குது, நாடி மட்டும் இவ்வளவு மெதுவா ஓடுதே" என்று டாக்டர் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார், டைபாய்டு என்று அப்போதே சந்தேகம் போலிருக்கிறது. என்னென்ன மாத்திரை போட்டீங்க என்றதும் இவர் மளமளவென்று ஒப்பித்தார், மருந்துக்கடைக்காரர் அல்லவா, பெருமை வேறு, எல்லாமே மூணு மூணு நாள். "விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தானே டாக்டர்?" டாக்டர் சிரிக்கவில்லை.

எத்தனை வருஷமாய்க் கேட்கிறேன் இந்தப் பழமொழியை, கல்லாவுக்குப் பின்னால் நின்று மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்கிக்கொண்டே சொல்வார், முழுசாய் வாங்க முடியாதவர்கள் மேல் இரக்கம்தான், யாரையும் வெறுங்கையோடு அனுப்பத் தெரியாத மனுஷர், அதற்காகத்தானே எனக்கு இவரைப் பிடிக்கும்... ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்த்த படத்தை டாக்டர் போனில் காட்டினார், வட்டத் தட்டு முழுக்கக் கிருமி, நடுநடுவே பொட்டு மாதிரி மருந்து வில்லைகள், மருந்து கேட்டுக் கிருமி செத்தால் வில்லையைச் சுற்றித் தெளிவாய் ஒரு வளையம் விழுமாம். இவர் ஒப்பித்த மருந்துகளை ஒட்டியெல்லாம் கிருமி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. ஒன்றே ஒன்றுக்குத்தான் வளையம். "இந்த ஒண்ணுதான் கேக்குது. காய்ச்சல் விட்டாலும் கடைசி மாத்திரை வரைக்கும் போடணும். பாதியில நிறுத்தி, திரும்ப வந்துச்சுன்னா, இதுவும் கேக்காமப் போகலாம்." தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள், தெரிந்ததா இவருக்கு? அந்த மூணு நாள் கணக்குதான் இங்கே கொண்டுவந்து விட்டது என்று எனக்குத் தெரிந்தது, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுது தீர்த்தேன்.

கீச்சிட்டுவிட்டது. காய்ச்சல் இல்லை! பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி எட்டிப் பார்க்கிறாள், நம் கடைக்கு வாடிக்கையாய் வருகிறவள், அவள் புருஷனுக்கும் இதே டைபாய்டுதான், இப்போதுதான் கண்ணயர்ந்தார். "அண்ணனுக்கு விட்டுடுச்சாக்கா? வீட்ல பொண்ணுக்கும் நேத்துலேர்ந்து கொதிக்குது... உங்களுக்குக் கேட்ட மாத்திரையில ஒரு மூணு குடுங்கண்ணே." பெண்ணை இங்கே கூட்டிக்கொண்டு வந்து காட்டும்மா என்று நான் வாயெடுப்பதற்குள் இவர் தலையணைக்கடியிலிருந்து அட்டையை எடுத்துவிட்டார், பாதி அப்படியே இருக்கிறது. "எனக்குத்தான் சரியாயிடுச்சே. கத்தரிக்கோல் இருக்கா?" முகத்தில் பழைய களை வந்துவிட்டது, கடையில் நிற்கும்போது இருக்குமே அந்தக் களை, இத்தனை நாள் இதைப் பார்க்கத்தானே தவம் கிடந்தேன். கத்தரிக்கோல் என் பையில்தான் இருக்கிறது. பையைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளிக்கொண்டே இல்லை என்கிறேன், அவள் என் காலையே பார்க்கிறாள்... "பரவால்ல, விடு" என்று இவர் அட்டையை இப்படியும் அப்படியும் மடித்து, கையாலேயே கிழிக்கப் பார்க்கிறார்.