ஏழாவது பாட்டில் ஒரு ஸ்பேனர்

பாட்டு வரியில் ஸ்பேனரை எடுத்துவிட்டுக் கத்தி என்று மாற்றலாம் என்று அமான்தான் சொன்னான். அவன் டிரம்ஸ் அடிப்பவன். ஸ்பேனர் வருகிற இடத்தில் தாளம் தடுக்குகிறது, கத்தி என்றால் நறுக்கென்று விழும் என்பது அவன் வாதம்.

“கத்தி இல்ல. ஸ்பேனர்தான்,” என்றாள் ரெஜினா.

“பாட்டுதானேக்கா. எத வச்சா இன்னா?”

“ஸ்பேனர்தான்னு சொல்றேன்ல.”

அவள் குரல் உயரவில்லை. ஆனால் கிடாரோடு உட்கார்ந்திருந்த பாலகணேஷுக்கு அந்த நிமிஷம் என்னவோ போலிருந்தது. கற்பனையில் ஒருவனைக் கொல்பவளுக்கு ஆயுதம் எதுவாக இருந்தால் என்ன?

வடசென்னை டோல்கேட்டில் பாலகணேஷின் அப்பா அய்யாத்துரைக்குப் பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம். கடைக்கு மேலே குடோன். கூரை வரைக்கும் அடுக்கிய பக்கெட்டும் குடமும் எவ்வளவு சத்தத்தையும் தின்றுவிடும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அங்கேதான் அவர்கள் மூவரும் வாசித்தார்கள். ரெஜினா காசிமேட்டில் இறால் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. ராயபுரத்தில் ஒரு சாவு வீட்டில் அவள் பாடியதைக் கேட்டு, பாலகணேஷ்தான் போய்ப் பேசினான். “நானே கட்டின பாட்டு கொஞ்சம் கீது. வாசிப்பீங்களா?” என்று கேட்டாள். போனில் பாடிக் காட்டினாள். எட்டுப் பாட்டு. எட்டும் கொலை. மாமியார் குழம்பில் எலிமருந்து கலக்கும் மருமகள், கன்டெய்னர்களுக்கு நடுவே நசுக்கப்பட்ட வாட்ச்மேன், தங்கச்சி புருஷனை வலையில் சுற்றிக் கடலில் இறக்கும் அண்ணன். அமானுக்கு முதல் பாட்டிலேயே மயிர்க்கூச்செறிந்தது. “மாமு, ராக்குன்னா இதுதான்டா,” என்றான்.

‘எட்டுக் கொலை’ என்றே பெயர் வைத்து இணையத்தில் போட்டார்கள். ஏழாவது பாட்டுதான் பரவியது. திருவொற்றியூர் காலேஜ் பசங்களின் போனிலும், லாரி கிளீனர்களின் போனிலும் அது ஓடியது.

*சோறு எடுத்துகினு வந்தேன் சுடச்சுட*
*நீ கைய முறுக்கின கடகட*
*முப்பத்திரெண்டு நம்பர் ஸ்பேனரு*
*பக்கத்துல கெடந்துச்சு பாரு*

அதற்கப்புறம் அவன் எண்ணூர் முகத்துவாரத்தில் விழுவான். சாம்பல் தண்ணீர் மூடிக்கொள்ளும். ஒரு கொப்புளம்கூட மேலே வராது. அவள் காலி கேரியரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடப்பாள்.

ரெஜினாவின் புருஷன் அம்புரோஸ் படகு இன்ஜின் மெக்கானிக். ஆறு வருஷமாக விசாகப்பட்டினத்தில் வேலை செய்கிறான் என்று அவள் சொல்லியிருந்தாள். ஆனால் அவனிடமிருந்து ஒரு போன் வந்து பாலகணேஷ் பார்த்ததில்லை. அவளுடைய இடது மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. மைக்கைப் பிடிக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். முன்பு அது வெறும் கோணல் கை. ஸ்பேனர் பேச்சுக்குப் பிறகு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தண்ணீர் குடிக்கும்போதும், அமானைக் கிண்டல் செய்து சிரிக்கும்போதும் பார்த்தான். ஒருநாள் “அண்ணன் எப்பக்கா வருவாரு?” என்று கேட்டான். “வருவாரு,” என்றாள். உடனே அடுத்த பாட்டைத் தொடங்கச் சொன்னாள்.

தன் சந்தேகத்தை அமானிடம் சொன்னபோது அவன் முதலில் சிரித்தான். அப்புறம் சிரிக்கவில்லை.

“அப்போ நாம ஒரு கொலைக்கு மியூசிக் போட்டுகினு கீறோமா?”

“தெரியலடா.”

“தெரியாமயே இருக்கட்டும் மாமு. கேக்காத.”

அப்படியே விட்டிருப்பார்கள். ஒருநாள் முற்பகல் கடைக்கு ஒரு பெண் வந்தாள். பக்கெட் வாங்க வந்தவள்போல இரண்டைத் தட்டிப் பார்த்தாள். அய்யாத்துரை அந்தப் பக்கம் போனதும் பாலகணேஷிடம் தாழ்ந்த குரலில் பேசினாள்.

“நீதானே தம்பி ரெஜினாகூட வாசிக்கிற? நான் ஃப்ளோரா. அம்புரோஸோட தங்கச்சி. அந்த ஏழாவது பாட்ட எடுத்துடுங்க.”

“ஏன்க்கா?”

“ஏனா? கொன்னுட்டு அதப் பாட்டா பாடுவா, நாங்க கேட்டுகினு இருக்கணுமா? எடுக்கலன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுப்பேன். உங்க மூணு பேர் பேரையும் சேத்து.”

பாலகணேஷ் சமாளித்துக்கொண்டு, “ஆறு வருஷமா ஏன்க்கா குடுக்கல?” என்றான்.

ஃப்ளோராவின் கண் ஒரு கணம் அலைந்தது. “குடும்ப மானம்னு ஒண்ணு கீதுல்ல. ரெண்டு கால் வெரலு இல்லாதவன், சுகர் வந்து கெடக்கிறவன். அவன அடிச்சேன்னு பாடறது பெரிய வீரமா?” என்றவள், பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

அன்று மத்தியானமே பாலகணேஷ் காசிமேட்டுக்குப் போனான். சாப்பாட்டு நேரம். கம்பெனி வாசலில் ரெஜினா ரப்பர் கையுறையை உருவிக்கொண்டு வெளியே வந்தாள். ஐஸ் தண்ணீரில் ஊறி அவள் விரல்கள் வெளுத்திருந்தன. இருவரும் கடல் ஓரத்துக் கற்களில் போய் உட்கார்ந்தார்கள். ஃப்ளோரா வந்ததை அவன் சொன்னான். அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அதுதான் அவனைக் கேட்க வைத்தது.

“அக்கா, அது நடந்துச்சா?”

“நடந்துச்சு.”

எதிரே ஒரு படகு கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி நிறுத்தாமல் சொன்னாள்.

“முகத்துவாரத்துல ஒரு ஃபைபர் படகுல இன்ஜின் பாத்துகினு இருந்தான். சோறு கொண்டு போனேன். கொழம்புல உப்பு இல்லன்னு கைய முறுக்கினான். ஏற்கெனவே ஒடச்ச கை. அப்பவே இன்னொரு தபா ஒடைஞ்சுது. பக்கத்துல ஸ்பேனர் கெடந்துச்சு, அடிச்சேன். தலையிலதான். தண்ணிக்குள்ள போனான், வரல. சாயங்காலம் வரைக்கும் நின்னேன். அப்பால வூட்டுக்கு வந்து, வைசாக் போய்ட்டான்னு சொன்னேன். எல்லாரும் நம்பிட்டாங்க. ஃப்ளோராகூட ஒரு வார்த்த கேக்கல. அதான் எனக்கு பயமாவே இருந்துச்சு. கோயில்ல பாடுவேன், நன்மை அப்பம் வாங்கப் போமாட்டேன். பாவசங்கீர்த்தனமும் பண்ணல. சாமியார்கிட்ட சொல்ல முடியாதத பாட்டுல சொன்னா தேவலாம்னு தோணுச்சு. மத்த ஏழும் சும்மா, இது தனியாத் தெரியக்கூடாதுன்னு கட்டினது.”

பாலகணேஷ் தன்னையறியாமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். அதை அவள் கவனித்தாள்.

“நானே போய் ஸ்டேஷன்ல சொல்லிடறேன்,” என்றாள். “உங்க பேரெல்லாம் வராது.”

அவன் தலையாட்டினான். எழப்போனவனுக்குச் சட்டென்று ஒன்று இடறியது.

“அக்கா, அண்ணனுக்கு எந்தக் கால்ல வெரல் இல்ல?”

“வெரலா? பத்தும் இருந்துச்சே.”

“சுகர்?”

“அவனுக்கா? கல்லு மாதிரி இருப்பான். ஆஸ்பத்திரி வாசலயே மிதிச்சதில்ல.”

ஃப்ளோரா சொன்னதை அவன் வார்த்தை மாறாமல் திரும்பச் சொன்னான். ரெஜினா அவனையே பார்த்தாள். கையுறை மடியிலிருந்து நழுவிக் கல்லிடுக்கில் விழுந்தது. அதை எடுக்கவில்லை.

ஃப்ளோராவின் வீடு திருவொற்றியூரில் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் இருந்தது. அன்று சாயங்காலமே இருவரும் போனார்கள். கதவைத் திறந்தவள் அண்ணியைப் பார்த்ததும் பின்வாங்கினாள்.

“உங்கிட்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்,” என்றாள் ரெஜினா. “ஸ்டேஷனுக்குப் போறேன். நான்தான் உங்க அண்ணனக் கொன்னேன்னு சொல்லப்போறேன்.”

“இன்னா அண்ணி, பைத்தியமா? பாட்ட எடுன்னுதானே சொன்னேன்? ஸ்டேஷனுக்குப் போன்னா சொன்னேன்?”

“நீதானே எழுதிக் குடுப்பேன்ன. ஒனக்கு ஏன் செரமம்?”

“வேணாம்.”

“அவங்க முகத்துவாரத்துல தேடட்டும். எலும்பாவது கெடைக்கும்.”

“ஒண்ணும் கெடைக்காது!” என்று கத்திவிட்டாள் ஃப்ளோரா. கத்திய வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். ஃப்ளோரா சுவரோடு சரிந்து உட்கார்ந்து, மணலி புதுநகரில் ஒரு தெருப் பெயரைச் சொன்னாள். “அண்ணன்தான் என்ன அனுப்பினான். கன்டெய்னர் யார்டுல டிரைவருங்க அந்தப் பாட்டப் போட்டுக் கேட்டாங்களாம். அன்னிலேர்ந்து சாப்ட மாட்டேங்கறான்.”

அடுத்த ஞாயிறு போகலாம் என்றான் பாலகணேஷ். அதுவரை அவளுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலையே லீவு போட்டுவிட்டு அவனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். வழி முழுக்க அவள் பையிலேயே அவன் கண் இருந்தது. உள்ளே கனமாக ஏதோ இருந்தது. அது தண்ணீர் பாட்டில் என்று அவள் எடுத்துக் குடித்தபோதுதான் தெரிந்தது.

கீழ்த்தளத்தில் ஓர் அறை. வாசலில் இரும்பு கிரில். உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தவன் நரைத்து, பாதி ஆளாகச் சுருங்கியிருந்தான். வலது காலில் கட்டு. ரெஜினாவைப் பார்த்ததும் அவன் செய்த முதல் காரியம், கெந்திக்கெந்தி வந்து கிரிலின் தாழ்ப்பாளைப் போட்டதுதான்.

“அங்கேயே நில்லு. உள்ள வராத.”

“வரல.”

“இன்னாத்துக்குப் பாட்டு பாடி மானத்த வாங்கற? பொண்டாட்டி அடிச்சு ஓடிப்போனவன்னு ஊர்ல சிரிக்கணுமா?”

“பாட்டுல ஓடிப்போகல. செத்துட்ட,” என்றாள் ரெஜினா. கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “எப்டிய்யா? நீ மேல வரவே இல்லையே.”

“அந்தாண்ட ஒரு படகு கட்டிக் கெடந்துச்சுல்ல. அதுக்கு அடியால போய் மறுபக்கம் புடிச்சுகினு இருந்தேன்.”

“எவ்ளோ நேரம்?”

“நீ போற வரைக்கும்.”

“நான் சாயங்காலம் வரைக்கும் நின்னேன்யா.”

“தெரியும்.”

“ஒன் பேர் சொல்லிக் கூப்ட்டேன்.”

“கேட்டுச்சு. அழுதுகினே கூப்ட்ட.” அம்புரோஸ் தரையைப் பார்த்தான். “வந்தா இன்னொரு தபா அடிப்பியோன்னு வரல. அப்பால, எப்டி வர்றதுன்னு தெரியல. நீ கொன்னுட்டேன்னு நெனச்சுகினு இருக்கட்டும்னு இருந்துட்டேன்.”

“ஆறு வருஷம்?”

ரெஜினா வாசல்படியில் உட்கார்ந்தாள். பாலகணேஷ் அவள் அழுவாள் என்று நினைத்தான். அவள் மூச்சு மட்டும்தான் விட்டாள். ரொம்ப நேரம் தண்ணீருக்குள் இருந்து வெளியே வந்த ஆளைப்போல, பெரிசு பெரிசாக. மாடிப்படியில் இறங்கி வந்த ஒரு பெண்மணி நின்று என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று பாலகணேஷ் கைகாட்டினான்.

“அந்தப் பாட்ட எடுத்துடு ரெஜினா,” என்றான் அம்புரோஸ், குரலைத் தணித்து.

“எடுக்க மாட்டேன்.”

“நான் உயிரோட கீறேன்ல.”

“கையும் ஒடஞ்சுதுல்ல,” என்று அவள் எழுந்தாள். மணிக்கட்டைக் கம்பிக்கு நேராக உயர்த்திக் காட்டினாள். அவன் பார்க்கவில்லை. அவன் பார்க்கும்வரை அவள் கையை இறக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த ரெஜினா திடீரென்று கேட்டாள்.

“நேத்து கல்லு மேல தள்ளி ஒக்காந்தியே. எப்பலேர்ந்து என்மேல சந்தேகம்?”

“ஸ்பேனர் அன்னிக்குக்கா.”

“அவ்ளோ நாளாவா? அப்புறம் ஏன்டா என்கூட வாசிச்ச?”

பொய் சொல்லலாம் என்று நினைத்தான். “பாட்டு நல்லா இருந்துச்சுக்கா,” என்றான்.

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அடிப்பாளோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவள் சிரித்தாள். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

“யாராவது நல்ல வக்கீல் தெரியுமாடா?” என்றாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. “செத்தவன்கிட்டேர்ந்து டைவர்ஸ் வாங்க முடியாதுன்னு இத்தினி நாள் சும்மா இருந்தேன்.”