கொடிமேல் வெள்ளைத் துணி

என் புருஷனுக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. கட்டிக்கொண்ட நாளிலிருந்து நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். பாஸ்டர் என்றால் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பண்ணினோமா, வீட்டு ஜெபத்துக்குப் போனோமா, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தோமா என்று இருக்க வேண்டும். இவர் அப்படி இல்லை. கல்யாணத்தில் டிஜே வைத்தால் பேசுவார். பிறந்தநாள் விருந்தில் பீர் பெட்டிகளை அடுக்கி வைத்துப் படம் எடுத்தால் பேசுவார். மலேசியாவில், இந்தக் கிள்ளான் ஊரில் எங்கள் சபை ஒரு டயர் கடையின் மாடியில் இருக்கிறது. கீழே டயர் கழற்றுகிற சத்தத்தையும் தாண்டி இவர் குரல் ரோட்டுக்குக் கேட்கும்.

அதையெல்லாம் கேட்டு ஜனங்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். கொடி விஷயம் அப்படிச் சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை.

எங்கள் பக்கத்தில் கேங்கில் இருக்கிற பையன் செத்தால், பெட்டிமேல் அந்தக் கேங்கின் கொடியைப் போர்த்துவார்கள். கறுப்புத் துணி, நடுவில் நம்பர்; இங்கே கேங்குக்கு நம்பர்தான் பேர். அதே நம்பர் போட்ட டீ-ஷர்ட்டில் ஐம்பது அறுபது மோட்டார்சைக்கிள் முன்னால் போகும். உறுமி அடிப்பார்கள். எல்லாம் டிக்டாக்கில் வரும். பார்க்கிற சின்னப் பிள்ளைகளுக்குச் சாவே திருவிழா மாதிரி தெரியும். அப்படி ஓர் அடக்கத்துக்குப் போய்விட்டு வந்த ஞாயிறு, இவர் பிரசங்கத்தை நடுவில் நிறுத்தினார்.

"கொடி போர்த்தின பெட்டிக்கு முன்னால இனிமே நான் நிக்க மாட்டேன். ஜெபம் வேணும்னா கொடியை எடுத்துட்டு என்னைக் கூப்பிடுங்க. நம்ம பிள்ளைங்களைச் சாகக் கொடுக்குறதும் இவங்க, பூ போட்டுத் தூக்கிட்டுப் போறதும் இவங்க!"

சபையே கைதட்டியது. சபையின் வீடியோக்களைப் போடுவது நான்தான். அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டேன். நம்ம ஆளு என்னமாப் பேசுறார் என்று ஒரு பெருமை. அது காட்டுத்தீயாகப் பரவியது. யார் யாரோ பேர் தெரியாதவர்கள் எல்லாம் 'தைரியமான பாஸ்டர்' என்று எழுதினார்கள். எழுதினவர்களில் ஒருத்தருக்குக்கூடக் கிள்ளானில் வீடு இருந்திருக்காது.

அடுத்த வாரம் முதல் எங்கள் வீட்டு முன்னால் மோட்டார்சைக்கிள் வர ஆரம்பித்தது. வந்தவர்கள் ஒன்றும் செய்யவில்லை. கேட்டுக்கு எதிரே நிறுத்தி, என்ஜினை அணைக்காமல், ஒரு சிகரெட் முடிகிற வரைக்கும் எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு போய்விடுவார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. போலீஸ் பாலாயில் ரிப்போர்ட் கொடுத்தோம். ரோந்து வண்டி வருகிற நேரத்தில் அவர்கள் வரவில்லை. நான் துணி காயப்போட வெளியே போவதை நிறுத்தினேன். மகள் கெசியாவை வாசல் பக்கமே விடவில்லை. ரோட்டில் ஏதாவது ஒரு என்ஜின் வேகம் குறைந்தால் கையில் இருக்கிற கரண்டி அப்படியே நின்றுவிடும்.

அப்போதுதான் எதிர்க் கேங் ஆட்கள் அஸ்வினை வெட்டிப்போட்டார்கள்.

அஸ்வின் எங்கள் சபை அஞ்சம்மாளின் மூத்த மகன். லோரியில் உதவியாளாகப் போய்க்கொண்டிருந்தவன், எப்போது கேங்குக்குள் போனான் என்று பெற்றவளுக்கே தெரியாது. அஞ்சம்மாளுக்குப் புருஷன் இல்லை. போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் பேக்கிங் வேலை. அந்த வேலைச் சட்டையோடுதான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை.

"பாஸ்டர், பெட்டி, வண்டி, பந்தல், சாப்பாடு எல்லாம் அவங்க பாத்துக்குறாங்களாம். கொடி போடுவாங்க. நீங்கதான் வந்து ஜெபம் பண்ணணுமாம். வேற பாஸ்டர் வேணாம்னு வாசு சொல்லிட்டான்."

வாசு என்பவன்தான் எங்கள் பகுதியில் அந்தக் கேங்குக்குத் தலைவன். நான் அதுவரை அவனைப் பார்த்ததில்லை.

"அஞ்சம்மா, நான் என்ன சொன்னேன்னு உனக்குத் தெரியும்" என்றார் இவர், மெதுவாக.

"தெரியும் பாஸ்டர். கைதட்டினவங்கள்ல நானும் ஒருத்தி. ஆனா எனக்கு இன்னும் ஒருத்தன் இருக்கான். பிரவினை இன்னும் அவங்க தொடல. நீங்க வராட்டி அவன்தான் பதில் சொல்லணுமாம்."

அவள் போன பிறகு இவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "போக மாட்டேன் குமுதா. போனா நான் பேசினதுக்கு என்ன அர்த்தம்?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "அர்த்தம் உங்களுக்கு. அடி யாருக்கு?" என்று கத்தினேன்.

மறுநாள் காலை அவர் சபைக்குப் போயிருந்த நேரத்தில் வாசு வந்தான். மோட்டார்சைக்கிளில் இல்லை, காரில். இஸ்திரி போட்ட சட்டை, சந்தனப் பொட்டு. செருப்பை வெளியே வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு, "உள்ள வரலாமாக்கா?" என்று கேட்டுக்கொண்டு வந்தான். அந்த மரியாதைதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பாஸ்டர் இல்லையா? பரவால்ல லா. உங்களைப் பாத்தா போதும். வீடியோ நல்லா இருந்துச்சுக்கா. நல்லா பேசுறாரு. உங்க பொண்ணு வயலின் வாசிக்கிற வீடியோகூட பாத்தேன். சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ்ல கிளாஸ்தானே? தனியாவா ரயில்ல போறா?"

வாயில் என்ன வருகிறது என்று யோசிக்கவே இல்லை.

"வருவாரு தம்பி. கண்டிப்பா வருவாரு."

"கொடி இருக்கும்க்கா."

"இருக்கட்டும். ஆனா எங்க சபையில ஜெபம் பண்றப்போ பெட்டிமேல ஒரு வெள்ளைத் துணி போர்த்துவோம். கொடிக்கு மேலயே போர்த்திக்குறோம். ஜெபம் முடிஞ்சதும் எடுத்துடுவோம். அது எங்க வழக்கம்."

பச்சைப் பொய். எங்கள் சபையில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. வாசு சிரித்தான்.

"வழக்கம்னா செய்ங்கக்கா. வழக்கத்தை மதிக்கணும்ல" என்று எழுந்துபோனான்.

திருவிருந்து மேசைக்கு விரிக்கிற துணியில் பழையது ஒன்று இருந்தது, ஓரத்தில் சிலுவை தைத்தது. அதைத் துவைத்து இஸ்திரி போட்டேன். இவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன், கெசியாவைப் பற்றி அவன் கேட்டதையும். அதைக் கேட்டதும் இவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் துணியைத் தொட்டுப் பார்த்து, "கொடி அடியில இருக்குமே குமுதா" என்றார்.

"உங்க கண்ணுக்குத் தெரியாது."

"கர்த்தர் கண்ணுக்கு?"

"அவர் புரிஞ்சுக்குவாரு. வாசு புரிஞ்சுக்க மாட்டான்."

அடக்கத்தன்று அஞ்சம்மாளின் அடுக்குமாடிக்குக் கீழே பந்தல் போட்டிருந்தார்கள். கார் நிறுத்துகிற இடம் முழுக்க மோட்டார்சைக்கிள். கறுப்பு டீ-ஷர்ட் பையன்கள் சுற்றிலும் நின்றார்கள். முக்கால்வாசிப் பேருக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. பெட்டிமேல் கொடி. அஞ்சம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்து, பிரவினின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவனுக்குப் பதினெட்டு வயது. என்னிடம் ஞாயிறு பள்ளியில் படித்த பிள்ளை.

நான் போய் வெள்ளைத் துணியை விரித்தேன். ஒரு பக்கம் கோணலாக விழுந்தது. சரி செய்தேன். நம்பர் மறைந்தது. இவர் வேதாகமத்தைத் திறந்தார். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

வாசு முன்னால் வந்தான். இரண்டு விரலால் துணியின் ஓரத்தைப் பிடித்து, மெதுவாகத் தூக்கி, பாதிக்கு மடித்து, அழகாக நீவி விட்டான். நடுவில் நம்பர் நன்றாகத் தெரிந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

"தம்பிக்குப் புழுக்கமா இருக்கும் பாஸ்டர். கொஞ்சம் காத்து படட்டும். நீங்க ஜெபம் பண்ணுங்க" என்றான்.

உறுமி நின்றுவிட்டது. இவர் அந்த நம்பரையே பார்த்துக்கொண்டு நின்றார். வேதாகமத்தை மூடிவிட்டு நடக்கப்போகிறார் என்று நினைத்தேன். பண்ணிடுங்க, என்னங்க, பண்ணிடுங்க என்று மனதுக்குள் கெஞ்சினேன். அஞ்சம்மாள் பிரவினின் கையை விடாமல் தலையை மட்டும் தூக்கி இவரைப் பார்த்தாள்.

இவர் ஜெபம் பண்ணினார். இருபது வருஷத்தில் நான் கேட்காத குரல் அது. பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

சாயங்காலமே வீடியோ வந்துவிட்டது. முதலில் இவர் சபையில் பேசியது, அடுத்து கொடிக்கு முன்னால் தலைகுனிந்து நிற்பது. கீழே சிரிக்கிற பொம்மைகளாக நிறைந்திருந்தது.

அதற்குப் பிறகு மோட்டார்சைக்கிள் வரவில்லை. நான் மறுபடி வெளியே துணி காயப்போட்டேன். கெசியா வயலின் கிளாசுக்குப் போனாள். நான் காலமெல்லாம் கேட்ட வரமும் கிடைத்துவிட்டது: இவர் வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேத வசனத்தை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். யாரோ ஒரு சகோதரர் எழுந்து பாட்டைத் தொடங்குவார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார். எனக்குப் பயம் போகவே இல்லை. முன்பு ரோட்டைப் பார்த்துப் பயந்தேன், இப்போது இவரைப் பார்த்துப் பயந்தேன். இவருடைய பழைய பிரசங்கங்களைச் சமையலறையில் சத்தம் குறைத்து வைத்துக் கேட்பேன், அவ்வளவு ஆசையாக இருந்தது அந்தக் குரலைக் கேட்க.

சில வாரம் கழித்து ஒரு காலை, கேட்டுக்கு வெளியே கார் ஒன்று வந்து நின்றது. ஓட்டிவந்து தனியாக இறங்கியது பிரவின். கறுப்பு டீ-ஷர்ட், நெஞ்சில் நம்பர். சட்டை அவனுக்குப் பெரிசு. அஸ்வினுடையது.

"ஆன்டி, பாஸ்டரை வாசு அண்ணன் கூட்டிட்டு வரச் சொன்னாரு. பூச்சோங்ல ஒரு பையன் செத்துட்டான். துணியும் எடுத்துட்டு வரணுமாம்."

"என்ன துணி?"

"அதான் ஆன்டி, வெள்ளைத் துணி. கொடிமேல போட்டு மடிச்சு விட்டோமே. வீடியோவுல எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு. இனிமே எல்லாப் பெட்டிக்கும் அப்படித்தானாம். அதுதான் வழக்கம்னு வாசு அண்ணன் சொல்லிட்டாரு."

கேட்டைப் பிடித்துக்கொண்டேன். பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அதை அவர்கள் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

"நீ எப்படா இதுல சேர்ந்தே?"

"அண்ணன் அடக்கத்துக்கு மறுநாளே கூப்பிட்டாங்க. அவ்வளவு செஞ்சிருக்காங்க ஆன்டி, வர மாட்டேன்னு எப்படிச் சொல்றது? பாஸ்டரே வந்துட்டாரே."

அவன் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. சும்மாதான் சொன்னான். எனக்குத்தான் நெஞ்சில் இறங்கியது. யாரைக் காப்பாற்றுவதற்காக இவர் தலைகுனிந்தாரோ அந்தப் பிள்ளை அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறான். அந்த வெள்ளைத் துணி ஒருநாள் யார்மேல் விழும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. விரிக்கப்போவதும் நான்தான்.

"துணி இல்ல" என்றேன்.

"விளையாடாதீங்க ஆன்டி. துணி இல்லாம, பாஸ்டர் இல்லாம போனா என்னைப் போட்டு அடிப்பாங்க." குரல் உடைந்துவிட்டது. அரும்பு மீசைக்குப் பின்னால் பழைய ஞாயிறு பள்ளிப் பையன்தான் இருந்தான்.

"அப்போ போகாதே."

"ஆன்டி?"

"போகாதே. உள்ள வா."

அவன் ரோட்டைத் திரும்பிப் பார்த்தான். காரைப் பார்த்தான். "அம்மா..." என்றான்.

"அம்மாவுக்குப் போன் போடு. வேலையிலிருந்து நேரா இங்க வரச் சொல்லு. கெசியாவை நான் ஸ்கூல்ல போய்க் கூட்டிக்கிறேன். வா, வா, நிக்காதே."

அவன் உள்ளே வந்ததும் கேட்டைப் பூட்டினேன். கிரில்லைப் பூட்டும்போது சாவி கைதவறிக் கீழே விழுந்தது. திரும்பினால் இவர் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். உள்ளே போய், பிரசங்கத்துக்குப் போடுகிற தன் சட்டையில் ஒன்றை எடுத்துவந்து பிரவினிடம் நீட்டினார். அவன் அண்ணனின் டீ-ஷர்ட்டைக் கழற்றும்போது விம்மி அழுதான்.

நான் என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. வெளியே அவர்கள் கார், உள்ளே அவர்கள் பையன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிரவினின் போன் அடித்தது. அவன் திரையில் வாசுவின் பேரைப் பார்த்துவிட்டு, அதைத் தொடப் பயந்து மேசைமேல் வைத்துவிட்டான். அடித்து நின்றது. மறுபடி அடித்தது. இவர் போய் எடுத்தார்.

"ஜெயராஜ் பாஸ்டர் பேசுறேன்" என்றார்.

அந்தப் பழைய குரல். ரோட்டுக்கே கேட்டிருக்கும். எனக்குப் பயத்தில் வாயெல்லாம் கசந்தது. ஆனாலும் வாயை மூடுங்கள் என்று நான் சொல்லவில்லை.