மெஷின் ஓடாத நாள்

முன்னால் கொட்டகையில் கயிற்றை மறுபடி ஒருமுறை சுண்டியதும் மெஷின் ரம்பம் உறுமிக்கொண்டு கிளம்பியது. தகரக் கூரை அதிர்ந்தது. பின்னறையில் பங்கஜத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து ஸ்பூனால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மாணிக்கவாசகம், அவள் உதட்டைக் கடித்துக்கொள்வதைப் பார்த்தார். தண்ணீர் கன்னத்தில் வழிந்து தலையணைக்குப் போயிற்று. கட்டில் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

அவர் ஸ்பூனை வைத்துவிட்டு எழுந்தார்.

"விடுங்க, ஓட்டட்டும். நான்தானே வாங்கச் சொன்னேன்" என்றாள் பங்கஜம்.

உண்மைதான். இடுப்புப் பிடித்துக்கொண்டு அவர் குனிந்தபடியே நடந்த நாட்களில், "ஊரெல்லாம் மெஷின் வந்தாச்சு, நீங்க எதுக்கு இன்னும் இழுத்துட்டுக் கெடக்கீங்க" என்று நச்சரித்தவள் அவள்தான். மெஷின் வந்த அன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தவளும் அவள்தான். மேற்கு மாம்பலத்தில் அவர்களுக்கு முன்னால் விறகுக் கடை, பின்னால் வீடு. அந்தச் சத்தத்தில்தான் அவள் சமைத்தாள், தூங்கினாள், சண்டை போட்டாள். ஆனால் 'இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியதிலிருந்து, ஒரு கிண்ணம் கீழே விழுந்தால்கூட அவள் உடம்பு தூக்கிப்போட்டது.

மாணிக்கவாசகம் கொட்டகைக்குப் போய்க் கையைக் காட்டினார். மகன் வெங்கடேஷ் மெஷினை அணைத்தான்.

"கையால அறுப்போம்ல."

"என்னப்பா பேசற? நாளைக்குக் காலைல மண்டபத்துக்கு விறகு போயாகணும். மழைல வீட்டுக்குள்ள தண்ணி பூந்துடுச்சுன்னு ஆளுங்க ஒருத்தனும் வரல. உன் இடுப்பு வேற..."

"இடுப்பு கெடக்கு."

வெங்கடேஷ் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு பின்னறை ஜன்னலைப் பார்த்தான்.

"அம்மாவுக்கு முடியலையா?"

அவர் பரணைப் பார்த்தார். அவன் மெஷினின் மேல் ஒரு கோணியைப் போட்டு மூடினான். பரண்மேல் ஏறி, ரெண்டு பேர் இழுக்கிற நீள ரம்பத்தைத் தானே இறக்கினான். துருவைச் சீமெண்ணெய் போட்டுத் துடைத்தான்.

முதல் புளியங்கட்டையில் ரம்பம் இறங்கியது. சர்ர்... சர்ர்... நாலு இழுப்புக்கு ஒருதரம் சிக்கியது. கொஞ்ச நேரத்தில் மருமகள் பூஜா வாசலுக்கு வந்தாள்.

"மாமா, அந்தப் பக்கம் யாரு, உங்க பையனான்னு அத்தை கேக்குறாங்க. ரம்பத்தைத் தள்ளக் கூடாதாம். தன் பக்கம் இழுத்துட்டு விட்டுடணுமாம்."

வெங்கடேஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் யாரும் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

மாணிக்கவாசகத்துக்குத் தெரியும், அவள் காது தப்பாது. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு பட்டணத்துக்கு வந்த புதிதில், கூலிக்கு ஆள் வைக்க வக்கில்லாத நாளில், ரம்பத்தின் அந்தப் பக்கம் அவள்தான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்பாள். வீட்டுக்குள் பெரியவர்கள் முன்னால் பேசக் கூச்சப்பட்டதையெல்லாம் கட்டைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுதான் பேசிக்கொண்டார்கள்.

உச்சிவேளைக்குள் அவர் இடுப்பு கழன்றது. கட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அறுக்க வேண்டியது இன்னும் மலையாகக் கிடந்தது.

அந்த நேரம்தான் அடுத்த தெருவில் விறகுக் கடை வைத்திருக்கும் குலாம் ரசூல், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தேங்கிய தண்ணீரில் சளப் சளப்பென்று ஓடி வந்தார்.

"அண்ணாச்சி! காலைல ஒருதரம் உறுமுனதோட சரி, அப்பால மெஷின் சத்தத்தையே காணோமே, அண்ணிக்கு இன்னாவோ ஏதோன்னு..."

கோணி போட்டு மூடிய மெஷினையும் வெங்கடேஷின் கையிலிருந்த ரம்பத்தையும் பார்த்தார். விவரம் புரிந்துவிட்டது.

"என் கடைல கீறதெல்லாம் நனைஞ்சு ஊறிக்கீது. காஞ்சது இருந்தா அப்படியே எடுத்தாந்து கொட்டிருப்பேன்" என்றவர் திரும்பி நடந்தார். வரும்போது இரண்டு ஆட்களும் இரண்டு ரம்பங்களும் கூட வந்தன. தொழிலில் போட்டிக்காரர். ஒரு மண்டபத்து ஆர்டருக்காக இரண்டு பேரும் வருஷக்கணக்கில் முகம் பாராமல் இருந்ததுண்டு.

"நீ எழுந்திரு. உள்ள போய் அண்ணிகிட்ட குந்து" என்றார்.

"இல்ல பாய், நான் ஒரு கை..."

"போன்னு சொல்றேன்ல! இங்க நாங்க கீறோம்."

கல்யாணச் சமையல்காரர் சுப்பராமன் விறகு என்ன ஆயிற்று என்று பார்க்க சைக்கிளில் வந்தபோது மாணிக்கவாசகம் உள்ளே போயிருந்தார். மெஷின் ரிப்பேரா என்று சுப்பராமன் கேட்டதும், வெங்கடேஷ் மெல்லிய குரலில் சொன்னதும் ஜன்னல் வழியே கேட்டது. சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்டது. பிறகு, "அந்த முனைய இப்படிக் குடுப்பா. கோட்டை அடுப்புல அண்டா இறக்கற கைதானே" என்றார் சுப்பராமன்.

பங்கஜம் கண்ணைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நெறைய ரம்பம் கேக்குதே."

"பாய் வந்திருக்காரு. சமையல்கார சாமியும் இழுக்காரு."

"சாமியா?" அவள் தோள் லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறாள். "காப்பி போடச் சொல்லுங்க பூஜாவ. சாமிக்குப் புது தம்ளர்ல."

"சொல்லுதேன்."

"உங்க இடுப்பு?"

"நல்லாருக்கு."

"பொய்" என்றாள். அவர் கையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். வெளியே ஒரு ரம்பம் போக, ஒரு ரம்பம் வர, மூச்சு விடுகிற மாதிரி சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக விட்டுப்போயிற்று. வெயில் ஜன்னலிலிருந்து இறங்கி அலமாரிக்குப் போன நேரத்தில், அவள் மூச்சு ஒருதரம் நின்று, யோசித்து, மறுபடி வந்தது. அதற்கப்புறம் வரவில்லை.

அவர் யாரையும் கூப்பிடவில்லை. வெளியே ஒரு கட்டை பாதி அறுபட்டிருந்தது, சத்தத்திலேயே தெரிந்தது. அது முழுக்க அறுபட்டு மண்ணில் விழும் வரை அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வாசலுக்கு வந்தார்.

ரம்பங்கள் நின்றன. குலாம் ரசூல் மரத்தூளிலேயே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். வெங்கடேஷ் அப்பாவைத் தாண்டி உள்ளே ஓடினான்.

வண்டி நிறைகிற அளவுக்கு விறகு சேர்ந்திருந்தது. சாவு வீட்டு விறகு கல்யாணத்துக்குப் போகலாமா என்று தெருவில் ஒருவர் இழுத்தார். "நெருப்புக்கு ஏதுய்யா தீட்டு" என்று சொல்லிவிட்டு, சுப்பராமனே மாட்டுவண்டியின் பின்னால் நடந்து போனார்.

மறுநாள் காலை சுடுகாட்டுக்கு விறகு எடுக்க மாணிக்கவாசகம் கொட்டகைப் பக்கம் போனார். குலாம் ரசூல் குறுக்கே வந்து நின்றார்.

"நம்ம கடைலேர்ந்து அனுப்பிட்டேன். நேத்து ராவெல்லாம் அடுப்பு மேல போட்டுக் காய வெச்சது. இதுக்கு நீ எடை போட வேணாம் அண்ணாச்சி."

மாணிக்கவாசகம் வாயைத் திறந்தார். அதற்குள் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பூக்காரனை எதற்கோ திட்ட ஆரம்பித்திருந்தார்.

எல்லாம் முடிந்து குளித்துவிட்டு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து வந்த ரசம் சாதத்தைப் பூஜா இருவருக்கும் பரிமாறினாள். வெங்கடேஷ் சோற்றை நுனிவிரலால் தொட்டுக்கொண்டே இருந்தான். அள்ளவில்லை.

"சாப்பிடுல."

"சாப்பிடறேன்பா."

மாணிக்கவாசகம் அவன் கையைப் பிடித்துத் திருப்பினார். உள்ளங்கை நெடுகக் கொப்புளம் உடைந்து சிவந்து கிடந்தது. அவன் கையை மூடிக்கொள்ளப் பார்த்தான்.

அவர் மகனின் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். சாதத்தை நன்றாகப் பிசைந்து, ஒரு கவளம் உருட்டி, அவன் வாயருகே கொண்டுபோனார். வெங்கடேஷ் மனைவி நிற்கிற பக்கம் ஒருதரம் பார்த்தான்.

பிறகு வாயைத் திறந்தான்.