மீனெண்ணெய் மாத்திரை ஒட்டிய கால்

தெருவில் அவளுக்கு எலிக்காரி என்றே பெயர். ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்கு மயக்கம் கொடுத்து, எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் படுக்கவைத்து, முட்டி தேய்வதைப் படம் எடுப்பது அவள் வேலை. எலிக்கு மூட்டுவலியாம், அதற்கு ஒரு படமாம் என்று சிரித்த வாய்களெல்லாம் போன மாதம் அடைத்துப்போயின. புது மருந்து ஊசி போட்ட வலது முட்டி தேயாமல் நிற்கிறது, போடாத இடது முட்டி கரைகிறது என்று அவள் எடுத்த படங்கள் காட்டிவிட்டன. அதை நம்பி ஆஸ்பத்திரியில் மனிதர்களுக்கும் போட்டுப் பார்க்கிறார்கள். முதல் வரிசையில் நிற்பவள் எலிக்காரியின் அக்கா. இடம் பிடித்துக் கொடுத்தது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

இன்று பதினொன்றரைக்கு அக்காவுக்கு ஊசி.

பத்து மணிக்கு எலிக்காரி வேலையைத் தொடங்கினாள். படங்களைச் சரிபார்ப்பவர்கள் புதிதாக ஒன்று கேட்டிருந்தார்கள்: ஊசி போட்ட காலோரம் ஒரு மீனெண்ணெய் மாத்திரையை ஒட்ட வேண்டும், படத்தில் அது வெள்ளைப் பொட்டாகத் தெரியும்.

"இத்தனை மாசமா எனக்கு வலது இடது தெரியலையாக்கும்!" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒட்டினாள்.

எந்திரம் தடதடத்து ஓய்ந்தது. படத்தில் வெள்ளைப் பொட்டு, கரைந்துபோன முட்டியோரம் இருந்தது.

எழுந்துபோய்ப் பார்த்தாள். மாத்திரை வலது காலில்தான் இருந்தது. அடுத்த எலியும் அதையே காட்டியது.

செய்முறைத் தாளை எடுத்தாள். குப்புறப் படுக்கவை என்றிருந்தது. எந்திரத்திலும் அப்படித்தான் பதிந்திருந்தது. கால்களை நீட்டிவைக்க வசதி என்று இவள் முதல் நாளிலிருந்தே மல்லாத்திப் படுக்கவைத்திருந்தாள். குப்புற என்று நம்பிய எந்திரம் ஒவ்வொரு படத்திலும் வலதை இடதாக்கியிருந்தது. அப்படியானால் தேயாமல் நின்றது ஊசி படாத முட்டி; கரைந்தது ஊசி போட்ட முட்டி.

மணி பதினொன்று. கைபேசியை வெடுக்கென்று எடுத்தாள்.

"அக்கா, ஊசி போட்டுக்காத. எழுந்து வந்துடு."

"அடி போடி, அப்பவே கூப்பிட்டு ரெண்டு முட்டியிலயும் போட்டாச்சு. உன் பேரைச் சொன்னேன், தனி கவனிப்பு!"

"இப்ப... வலி?"

"அது எந்தத் தெசைக்குப் போச்சோ! உன் மாமாவை லிஃப்ட்ல அனுப்பிட்டு நான் படியேறிட்டிருக்கேன். இது மூணாவது மாடி."

"ஏறாதக்கா. படியிலயே உட்காரு."

"கண்ணு வைக்காதடி!"

சிரிப்போடு செருப்புச் சத்தம் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது.